வேலை தராத அறை

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் 'பில் அக்கா'. லாரியில் ஏறும் சரக்குக்கெல்லாம் பில் போடுவது அவள்தான். டிரைவர்களைக் கிண்டல் செய்துகொண்டே, ஒரு புள்ளி பிசகாமல் போட்டுக் கொடுப்பாள்.

வெட்டும் இயந்திரத்தில் ஓர் ஆபரேட்டரின் மூன்று விரல்கள் போயின. விசாரிக்க வந்த அதிகாரியிடம் அவள் உள்ளதைச் சொன்னாள்: "தடுப்புக் கம்பியக் கழட்டி ஒரு வாரம் ஆச்சு சார். வேலை வேகமா ஓடணும்னு மேனேஜர்தான் கழட்டச் சொன்னாரு." மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த மாதமே அவளை இடம் மாற்றினார்கள். படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர். பில் போடுகிற வசதி அதில் இல்லை. "வேலை வரும், உக்காருங்க" என்றார் மேனேஜர். வரவேயில்லை. போய்க் கேட்டால், "சம்பளம் வருதுல்ல? அப்புறம் என்ன?" என்பார். தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஓடட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. கணவருக்குப் புரியவில்லை. "சும்மா உக்காந்து சம்பளம்! கசக்குதா உனக்கு?"

கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. பதினைந்து எண் கட்டங்கள் கலைந்து கிடக்கும், ஓரிடம் காலி. பக்கத்துக் கட்டத்தைத் தட்டினால் அது காலியிடத்துக்கு நகரும். அப்படியே நகர்த்தி நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். பொழுது போகாமல்தான் தொட்டாள். மேல் வரிசைகள் சொன்னபடி கேட்கும். கடைசி வரிசை முரண்டு பிடிக்கும். சேர்த்ததைக் கலைத்து, சுற்றிவளைத்து மறுபடி சேர்ப்பாள். முடிந்ததும் திரையில் ஒரு சின்னக் கொடி ஆடும். நாள் முழுக்க அவளைச் சட்டை செய்தது அது ஒன்றுதான். சாப்பாட்டு நேரத்தில்கூட யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டில் கண்ணை மூடினாலும் கட்டங்கள் நகர்ந்தன. மகள் ஏதாவது கேட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் புகைப்படங்கள். அவளுக்குத் தெரியாமல் முதுகுப் பக்கமிருந்து எடுத்தவை. எல்லாவற்றிலும் அதே கட்டங்கள்.

"வேலை நேரத்துல கேம். என்ன சொல்றீங்க?"

"வேலையே குடுக்கலையே சார்! எத்தனை தடவை கேட்டேன்!"

"கேட்டதுக்கு சாட்சி இருக்கா? எங்ககிட்ட சாட்சி இருக்கு."

உள்ளே வந்தவர் அந்த ஆபரேட்டர். விரல் போனபிறகு அவரை வாசல் காவலுக்கும் உள்ளே சுற்றி வரவும் போட்டிருந்தார்கள். "தினமும் பாத்தேன் சார்" என்றார், அவளைப் பார்க்காமல். கையெழுத்துப் போடும்போது பேனா கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே நழுவியது. மேனேஜர்தான் காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டார். அன்றோடு அவள் வேலை போயிற்று.

கேட் வரைக்கும் ஆபரேட்டர் பின்னாலேயே வந்தார். "அக்கா... இதுவும் போச்சுன்னா, இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் திரும்பினாள். ஆனால் சொன்னது வேறு. "உள்ள போங்க. என்கூடப் பேசுறதப் பாத்தா உங்களையும் அனுப்பிருவாங்க."

வழக்குப் போட்டிருக்கிறாள்; அது இழுத்துக்கொண்டே போகிறது. இப்போது ஒரு மருந்துக் கடையில் கால் கடுக்க நிற்கிறாள். "அன்னிக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல" என்று கணவர் இன்னும் குத்திக்காட்டுவார். அவள் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். போன வாரம் மகள்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, "போதும்ப்பா" என்றாள்.