ஆறு மணிக்குத் திறந்த சட்டி

முதல் கிறிஸ்தவர்களுக்குக் கோவில் கட்டடம் என்று ஒன்றும் இருக்கவில்லை. யாராவது ஒருவரின் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து, எசமானும் அடிமையும் ஒரே பந்தியில் இருந்து அப்பம் பிட்டுச் சாப்பிடுவார்கள். இதை எங்கோ வாசித்துவிட்டு, சுவிஸில் ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் எங்கள் ஐந்தாறு தமிழ்க் குடும்பங்களும் மாதத்தில் ஒரு ஞாயிறு அப்படியே செய்யவேண்டும் என்று எல்லோரையும் அரித்தெடுத்தவள் நான்தான். முதல் கூட்டம் என் வீட்டில்.

ஒரு அக்காவை மட்டும் மூன்று தரம் கெஞ்சவேண்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவர். கணவர் இறந்த இந்த இரண்டு வருடத்தில் வேலையை விட்டால் வீடு, வேறெங்கும் போனதில்லை. கடைசியில் சம்மதித்தார். கூட்டத்தன்று காலை வேலைக்குப் போகும் வழியில் ஒரு சட்டி நண்டுக்கறியை என் கையில் தந்து, ஆறரைக்குள் வந்துவிடுவேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்கே இரண்டு மணி நேரம் பிந்திப் போன சனம் நாங்கள். இங்கே வந்து நேரம் பார்ப்பதில் சுவிஸ்காரரையும் வென்றுவிட்டோம். ஐந்து மணிக்குச் செபம், ஆறு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்தேன்; ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க எல்லோரும் வாசலில். செபம் முடிய நான் கொரிந்து நகரத்துக் கதையை எடுத்துவிட்டேன். அங்கே முந்தி வந்தவர்கள் எல்லாவற்றையும் தின்று முடிக்க, வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றார்களாம். அப்போஸ்தலர் கடிதம் எழுதி விளாசினாராம். என்ன மனிசர் அவர்கள் என்று நானும் என் பங்குக்குத் திட்டினேன். திட்டிய வாய் மூடமுதல் ஆறு மணி ஆகிவிட்டது. சட்டியைத் திறந்தேன்.

ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தது. அக்கா வேலை உடுப்போடு நின்றார். மேசையில் நண்டுக் கோது மட்டும் குவிந்து கிடந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இனி இந்த மனிசி ஒருவர் வீட்டுப் படியும் ஏறாது, அதற்குக் காரணம் நான் என்று நினைத்தேன்.

"ஒண்டும் மிச்சமில்லை அக்கா. நான்தான் சட்டியைத் திறந்தனான்" என்றேன்.

அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, பாண் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு முழுப் பாணைக் கொடுத்தேன். அதைப் பிய்த்து, சட்டியை வழித்து, முதல் துண்டை எனக்கே நீட்டினார். அடுத்தது பக்கத்தில் இருந்தவருக்கு. எல்லோருக்கும் கொடுத்த பிறகுதான் தன் வாயில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உறைப்பு என்று சொல்லி மூக்கைத் துடைத்தேன்.

அடுத்த மாதம் அக்கா வரும்வரை நான் ஒரு சட்டியையும் திறக்கவிடவில்லை. ஏழேகால் ஆகியும் ஆளைக் காணவில்லை. பிள்ளைகள் முறைத்தார்கள். ஊறுகாயில் கை வைத்ததற்கு என் கணவர் நல்ல ஏச்சு வாங்கினார். வராமலே விட்டுவிடுவாரோ என்று நான் யன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கடைசியில் அக்கா வந்து சேர்ந்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம் என்று நினைத்து, வேலையிடத்திலேயே சாப்பிட்டுவிட்டாராம்.

அவர் மூடிக் கிடந்த சட்டிகளைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மேசையில் வந்து இருந்தார்.

"சரி, எனக்கும் போடுங்கோ" என்றார்.