தவத்தின் பெயரில் வந்த மரண அறிவித்தல்

போன ஞாயிறு ஹென்டர்சனில் தவத்தின் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிக்க. ஒரு வாரம் பிந்தி!

தவமும் என்னைப்போல ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவன்; இங்கே பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸில் வேலை செய்கிறான். அவனுடைய அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்துவிட்டார். அறிவித்தல் மெயிலில் எனக்கும் வந்தது. திறக்காமலே அழித்துவிட்டேன்.

ஏன்? சில மாதங்களுக்கு முன் அவன் பெயரில் இதே மாதிரி ஒரு மெயில் — 'மரண அறிவித்தல்', கூடவே ஒரு ஃபைல். பரிசு விழுந்திருக்கிறது என்று வந்தால் நம் ஆட்கள் சிரித்துவிட்டு விடுவார்கள். செத்தவீட்டுச் செய்தியை யார் திறக்காமல் விடுவார்? திறந்தோம். வைரஸ்! என் கம்ப்யூட்டரில் இருந்த பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் அத்தனையும் போயின. தவத்தின் அம்மாவோ அப்போது ஊரில் சுகமாக இருந்தார்.

"பெத்த தாயை வைச்சு விளையாடுறான், இவனெல்லாம் ஒரு மனுசனோ?" என்று எல்லோரிடமும் கத்தினேன். தவம் போன் எடுத்து, "நான் அனுப்பேல்லை, அண்ணை" என்றான். அவன் பெயர்தானே மேலே இருக்கிறது! கோயிலில் கண்டால் எல்லோருமே முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இப்போது ஊரிலிருந்து என் தங்கை போனில் சொன்ன பிறகுதான், இந்த முறை செய்தி உண்மை என்று தெரிந்தது. அப்படியென்றால் அந்த முதல் மெயில் எப்படி வந்தது என்று எப்சம் பகுதியில் இருக்கும் கார்த்திக்கைக் கேட்டேன். தமிழ்நாட்டுக்காரர், ஐ.டி. வேலை.

"சார், வைரஸ் அவர் கம்ப்யூட்டர்லயே இருந்திருக்காது. உங்க எல்லாரையும் தெரிஞ்ச வேற யாரோடதுலயோ பூந்திருக்கும். அதுல இருக்கற அட்ரஸ்ல ஒரு பேரை எடுத்து, அனுப்புனவர்னு போட்டுக்கும். இன்னைக்கு அவர் பேரு, நாளைக்கு உங்க பேரு. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே சார்?"

கேட்டிருக்கலாம்... ஆனால் கோபம் விடவில்லையே!

தவத்தின் ஹாலில், வருகிறவர்களுக்கென்று இரவல் வாங்கிய நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. பார்க்க வெட்கமாக இருந்தது. "மன்னிச்சுக்கொள் தவம்" என்றேன்.

"விடுங்கோ அண்ணை. உங்கட பேரிலயும் எனக்கு அப்பிடி ஒண்டு வந்ததுதானே."

திடுக்கிட்டேன். "பிறகு?"

"பிறகென்ன, பயந்துபோய் உடனே உங்களுக்கு போன் எடுத்தன். வீட்டில எல்லாரும் சுகமோ எண்டு கேட்டனே, ஞாபகம் இல்லையோ?"

ஓம், கேட்டான். பதில் சொல்லாமல் போனை வைத்தவன் நான்.