வெள்ளியைக் கழித்த எடை

என் மகன் அழாத பிள்ளை. அதுதான் முதல் அடையாளம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதினேழு வருடம் கழித்துப் பிறந்த முதல் பிள்ளை. தண்டையார்பேட்டையில் ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் போடும் கூச்சலில் பேச்சே கேட்காது. என் பிள்ளை மட்டும் தூங்கினான். மார்பில் வைத்தால் நாலு முறை உறிஞ்சுவான். பிறகு உதடு தளர்ந்துவிடும். குடித்த பாலில் பாதி கடைவாயில் வழியும்.

அடுத்த அறை ஜைனபு நாலு பிள்ளை பெற்றவள். கதவில் சாய்ந்துகொண்டு அவனைப் பார்ப்பாள்.

“குடுத்து வெச்சவக்கா நீ. எனக்குப் பொறந்த நாலுல ஒண்ணாவது என்னை ஒக்கார வுட்டுச்சா? உன்னுது கலெக்டர் மாரி தூங்கிகினு கீது.”

நானும் சிரித்தேன். தூங்கும் பிள்ளையை எழுப்பக் கூடாது என்றுதான் எனக்குத் தெரியும்.

முதல் வாரத்தில் காமாலை (கண்ணும் தோலும் மஞ்சள் பூப்பது) வந்து தானாகவே வடிந்தது. அதன் பிறகு அவன் தொடைத் தோல் தொளதொளவென்று ஆனது. துணி நனைவதும் குறைந்தது. துவைக்கும் வேலை குறைந்ததே என்றுகூட நினைத்தேன். இப்போது அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மூன்று வாரம் முடிந்ததும் தாய்சேய் நிலையத்துக்குத் தூக்கிப் போனேன். ஒரு நர்சம்மா அவனை வெறும் உடம்போடு தராசில் வைத்து எடை பார்த்தாள். டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

“பிறந்தப்போ அஞ்சு பவுண்டு பன்னிரண்டு அவுன்சு. இப்போ அஞ்சு ஒன்பது. இந்நேரம் பிறந்த எடையைத் தாண்டியிருக்கணுமே. எப்பெப்போ பால் கொடுக்கறீங்க?”

“அழும்போது” என்றேன்.

“நல்லா அழறானா?”

தலையை ஆட்டினேன். அவ்வளவு படித்தவர் முகத்தைப் பார்த்து என் பிள்ளை அழுவதேயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது புகாரா, பெருமையா என்றும் விளங்கவில்லை.

அடுத்த முறையும் எடை ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மூக்கில் குழாய் விட்டு டின் பால் ஏற்றுவார்கள் என்றார். அங்கே போய்த் திரும்பாத இரண்டு பிள்ளைகளை எனக்குத் தெரியும். குழாயால் போனார்களா, நோயால் போனார்களா என்பது தெரியாது.

அந்த நாட்களில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சீம்பாலை (பிள்ளை பிறந்ததும் சுரக்கும் கெட்டியான மஞ்சள் பால்) பீய்ச்சிக் கொட்டியது தப்பு என்றார் ஒருவர். கொட்டியதுதான் சரி என்றார் இன்னொருவர். பாலில் எறும்பை விட்டுப் பார்க்கச் சொன்னாள் ஜைனபு. கிண்ணத்தில் விட்டோம். எறும்பு நீந்திக் கரையேறியது. அப்படியானால் பால் நல்லதா, கெட்டதா என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முப்பதாம் நாள் பெயர் வைத்தோம். எண்ணூரிலிருந்து என் அண்ணன் வந்து, வெள்ளி அரைஞாணும் காலுக்கு இரண்டு கனத்த தண்டையும் போட்டார்.

“தாய்மாமன் போட்டது. புள்ள நடக்கற வரிக்கும் கயட்டக் கூடாது, தெரிதா?” என்றார்.

மறுநாள் நிலையத்துக்குப் போனேன். அன்று அம்மை குத்தும் நாள், ஏகக் கூட்டம். முன்பு பார்த்த நர்சம்மா இல்லை. வேறொருத்தி சட்டையை மட்டும் அவிழ்த்து அவனைத் தட்டில் வைத்தாள். ஐந்து பவுண்டு பதின்மூன்று அவுன்சு.

டாக்டரம்மா சிரித்தார். “நாலு அவுன்சு ஏறிட்டானே. இனி பயமில்லை. பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க.” வீடு வரும்வரை நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே நடந்தேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகக் கிடங்கில் மூட்டை நிறுப்பவர். சாயங்காலம் வந்து எடைச் சீட்டைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் தொடையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாமே, சாக்கு கழிச்சாங்களா?”

கிடங்கில் மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழித்துத்தான் எழுதுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு ஏது சாக்கு? அவர் தண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“கயட்டக் கூடாதுன்னு அண்ணன் சொன்னாரே” என்றேன்.

“சரிதான். உங்கண்ணன் போட்டது ஏறிகீது. புள்ள ஏறல.”

கோபமாகச் சொல்லவில்லை. கிடங்கில் எடை சொல்லும் அதே குரலில் சொன்னார். சீட்டில் எழுதியிருப்பதைச் சரி என்று நம்பியிருந்தால் இன்னும் பதினைந்து நாள் அவன் அப்படியே தூங்கியிருப்பான்.

காலையில் தேங்காய் எண்ணெய் தடவித் தண்டைகளைக் கழற்றினேன். அரைஞாணையும் சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன். முதலில் பார்த்த நர்சம்மா இருந்தாள். தராசில் முதலில் வெள்ளியை வைத்தேன்.

“இன்னாம்மா, இதை நகைக்கடைன்னு நெனச்சிகினியா?”

வெள்ளி நாலு அவுன்சு. பிறகு பிள்ளை. ஐந்து ஒன்பது. பத்து நாளில் அரை அவுன்சுகூட ஏறவில்லை.

“இவன் அழறதேயில்லீங்க. அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் என்னைத் திட்டவில்லை. “பசிச்சா அழறதுக்கும் தெம்பு வேணும்மா. அது இவன்கிட்ட இல்ல. நீதான் எழுப்பணும்” என்றாள். அவன் துணியை அவிழ்த்து, ஈரத் துணியால் பாதத்தைத் துடைத்தாள். கண் திறந்ததும் மார்பில் வைத்தாள். உறிஞ்சுவது நின்றால் மார்பை மெல்ல அழுத்திப் பால் பாயவிட வேண்டும். அப்போதும் தூங்கினால் பக்கம் மாற்ற வேண்டும். மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) புகட்ட வேண்டும். மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவிலும்தான். டாக்டரம்மா ஒரு வாரம் தவணை கொடுத்தார். ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி.

“வூட்ல கடிகாரம் கீதா?” என்று நர்சம்மா கேட்டாள்.

இல்லை. ஆலைச் சங்கு இருந்தது. பள்ளிவாசல் பாங்கு இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஜைனபு சுவரைத் தட்டினாள். “அக்கா, கலெக்டரை எழுப்பு.” எந்தப் பக்கம் கொடுத்தேன் என்பது மறந்துபோகாமலிருக்க ஒரு பச்சை வளையலை அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன். அந்த வாரத்தில் பகல் எது, ராத்திரி எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. சில சமயம் அவன் குடிக்கிறானா, நான் கனவு காண்கிறேனா என்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் அவன் அழுதான். பூனை கத்துவது போல ஒரு சின்னக் குரல். ஜைனபு ஓடி வந்து என்னைப் பார்த்தாள். நான் அவனை எடுத்து மார்பில் வைத்தேன்.

வாரக் கடைசியில் ஐந்து அவுன்சு ஏறியிருந்தான். வெறும் உடம்போடு நிறுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அவன் ஏன் அப்படித் தூங்கினான் என்று எனக்கு இன்னும் தெரியாது. காமாலையா, சீம்பாலைக் கொட்டியதா, என் வயதா? டாக்டரம்மாவும் ஒன்றைச் சுட்டிச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளையும் சாதுவாகத் தூங்கினால், நனைந்த துணிகளை எண்ணுங்கள். நகையைக் கழற்றிவிட்டு நிறுங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அவனுக்கு இப்போது மூன்று வயது. அந்தத் தண்டை அவன் குதிகாலைத் தாண்டுவதில்லை. பால் மறந்து வெகு நாளாகிறது. ஆனாலும் ஆலைச் சங்கு ஊதினால் மணி என்ன என்று எனக்குத் தோன்றுவதில்லை. இடமா வலமா என்றுதான் தோன்றுகிறது. கை தானாகப் போய் வளையலைத் தேடுகிறது.