படவேட்டுக்குப் போய்ச் சேராத நடை

படவேட்டு அம்மாவை நம்பி இருக்கிற எல்லாருக்கும் முள்ளிப்பட்டு நெசவாளி ஒருவன் சொல்லிக்கொள்வது.

இதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே பயம். பக்கவாதம் வந்துவிடுமோ என்று. என் அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. தறியில் உட்கார்ந்து பாடினால் தெருவே கேட்கும், அப்படி ஒரு குரல். கடைசியில் தண்ணீர் கேட்கவும் வாய் வரவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். தவறாமல் சாப்பிட்டேன். ஆனால் வலது கெண்டைக்கால் வலியை டாக்டரிடம் சொல்லவில்லை. அது நோய் என்றே தோன்றவில்லை. குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தறி மிதிக்கிறவனுக்கு வலிக்காமல் இருக்குமா? எங்கள் தெருவில் எல்லாரும் விளக்கெண்ணெய் தடவுவார்கள். நானும் தடவினேன்.

போன ஆடியில் படவேட்டு அம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

"யாருக்கும் பாரமில்லாம என்ன வச்சிரு தாயே. உன் வாசலுக்கு நடந்தே வரேன்."

நடந்தேன். கொஞ்ச தூரத்தில் கால் கல்லாகிவிடும். நின்றால் விடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். கூட நடந்து வந்த பங்காளி முனுசாமி, "இன்னாப்பா, ஒவ்வொரு புளியமரத்தாண்டயும் சௌக்கியம் விசாரிச்சிகினு வர்றியா?" என்று கேலி செய்தான்.

பாதி வழியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அம்மா என்னை வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன்.

தேசூரிலிருந்து நடந்து வந்த பெண் ஒருத்தி அருகில் வந்தாள். நர்ஸாம். விசாரித்தாள், இரண்டு பாதங்களையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு காலு மட்டும் சில்லுனு கீது தாத்தா. இது தறி வலி இல்லீங்க. ரத்தக்குழாய் அடைச்சிகினு இருக்கும். இதோட நடக்காதீங்க."

"நடந்து வரேன்னு வேண்டிகினேன்மா."

"அம்மா உங்க காலையா கேட்டா?"

முனுசாமியே ஆட்டோ பிடித்துத் திருப்பி அழைத்து வந்தான். ஸ்கேனில் காலில் பெரிய அடைப்பு, கழுத்துக் குழாயிலும் கொஞ்சம். தாளம் தப்பிய இதயமே ஓர் ஆபத்து, அதோடு குழாய்களும் சுருங்கியிருந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் இன்னும் கிட்டே வரும், காலும் போகலாம் என்றார் டாக்டர். கால் குழாயைப் பலூன் வைத்துத் திறந்தார். மாத்திரைகளை மாற்றினார். குழாயைச் சுருக்குவது அதுதான் என்று அவர் சொன்னதால் பீடியையும் விட்டேன்.

இதயம் இன்னும் தாளம் தப்பித்தான் அடிக்கிறது. பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் என் காலில் நிற்கிறேன், என் வாயால் பேசுகிறேன். நான் கேட்டது இதைத்தானே. வாசலுக்கு வரவிடாமல் வழியிலேயே கொடுத்துவிட்டாள் அம்மா.

நீங்களும் கேளுங்கள், தருவாள். அவள் அனுப்புகிற ஆள் எந்த உருவத்தில் வந்தாலும் காலை நீட்டிக் காட்டுங்கள்.