பதினேழாம் எண்

தி.நகரில் தோள்பைக்கு ஜிப் மாற்றக் கொடுத்துவிட்டுக் கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். அந்தக் காட்டமான பசை வாசனை மூக்கில் ஏறியதும் காதர் நினைவில் வந்துவிட்டான். முப்பத்தைந்து வருடமாக அந்த வாசனைக்கு அவன் வராமல் இருந்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்து ஸ்டெல்லாவின் வாட்ஸப்பும் வந்தது.

ஸ்டெல்லா பல்கலைக்கழகத்தில் எங்களோடு எம்.ஏ. வரலாறு படித்தவள். சாந்தோம்காரி. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டு, இப்போது பழைய மாணவர் மலருக்குப் பட்டியல் எடுக்கிறாள். வரிசை எண், பெயர், எதிரே ஒரே வரியில் சாதனை. ஒருவன் வட்டாட்சியர். ஒருத்தி கல்லூரி முதல்வர். ஒருவன் பெருங்குடியில் மென்பொருள் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறான். வகுப்பில் முதலாவதாக வந்தவன் கொட்டிவாக்கத்தில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்து, எங்கள் எல்லோரையும்விட நன்றாக இருக்கிறான். பதினாறாம் எண்ணான எனக்கு நேரே 'வங்கி மேலாளர், ஓய்வு'. அதில் சாதனை என்று பார்த்தால் ஓய்வுதான். பதினேழுக்கு நேரே மட்டும் காலி. காதரைப் பற்றி ஒரு வரி கொடு, உன் நண்பன்தானே என்று கேட்டிருந்தாள்.

நண்பன்தான். பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் அவன் அத்தாவுக்குப் பெட்டி, பை தைக்கும் கடை. அவருக்கு வாதத்தில் வலது கை விழுந்துபோனதால் காலையில் கடை திறப்பது காதரின் வேலை. முதல் வகுப்புக்கு அவனால் வரவே முடியாது. அந்த வகுப்பை எடுத்த பேராசிரியரோ பதிவேட்டைவிட்டுத் தலை தூக்கமாட்டார். எண்ணைச் சொல்வார், 'உள்ளேன் ஐயா' காதில் விழுந்தால் டிக் அடிப்பார். பதினாறுக்கு என் குரலில் சொல்வேன். பதினேழுக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கட்டைக்குரலில் சொல்வேன். மழைக்காலத்தில் பதினேழுக்குக் கொஞ்சம் இருமலும் சேர்ப்பேன். அவ்வளவு தொழில்சுத்தம். ஒன்றரை வருடம் இப்படி ஓடியது.

ஆய்வேட்டுத் தலைப்பு கொடுக்கிற நாளன்று காதர் கடையைப் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வகுப்புக்கே வந்துவிட்டான். வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டைக்குத் தோல் பை தைத்துக் கொடுத்த குடும்பங்களைப் பற்றி எழுதவேண்டும் என்பது அவன் ஆசை. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பதினேழு என்றதும் தன்னுடைய மெல்லிய குரலில் 'உள்ளேன் ஐயா' என்றான்.

பேராசிரியர் தலை தூக்கினார். "பதினேழு குரல் எனக்குத் தெரியாதாப்பா? யாரு நீ, ப்ராக்ஸி குடுக்க வந்தவன்? வெளிய போ."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். காதர் என்னைப் பார்த்தான். நான் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் என்னைத் தேர்வெழுத விடமாட்டார்களே என்று பயந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் "சாரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். ஒரு பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். டீ வாங்கித் தந்தான். நான் என்னென்னவோ உளறினேன். "வுடு மச்சி," என்றான். "சார் சொன்னது கரெக்ட்தான். ஒன்ர வருசமா அந்த கிளாஸ்ல பதினேழுன்னு இருந்தது நீதானே, நானா இன்னா?"

மறுநாள் அவன் வரவில்லை. பதினேழு என்று பேராசிரியர் கூப்பிட்டார். வாய்ப்பழக்கமோ, வருகைப்பதிவாவது காப்பாற்றுவோம் என்ற நினைப்போ, கனைத்துக்கொண்டு 'உள்ளேன் ஐயா' என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். கடைசி நாள்வரைக்கும் சொன்னேன். காதர் தேர்வுக்கு வரவில்லை. அடுத்த வருடம் கடையும் இல்லை, குடும்பம் வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது அந்தச் சந்தில் ஐந்து மாடித் துணிக்கடை. எங்கள் வரலாற்றுத் துறையில் வருகைப்பதிவுக்குக் கைரேகை இயந்திரம் வைத்துவிட்டார்களாம். நேற்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நானுந்தான் சிரிச்சேன்," என்றாள். பிறகு, "அவன் குரல் எப்படி இருக்கும்? எனக்கு ஞாபகமே வரல," என்றாள்.

மெல்லிய குரல் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு அந்தக் குரலை மனசுக்குள் கேட்டுப் பார்க்க முயன்றேன். நேற்று ராத்திரி முழுக்க முயன்றேன். காதர் வாயைத் திறக்கிறான், என் கட்டைக்குரல்தான் வருகிறது.