வெள்ளைக்காரிக்குக் கண் திறந்த அருணகிரி

ஆரணியில் போர்டு எழுதுபவர்கள் பலர் இருந்தாலும் முகம் எழுதத் தெரிந்தவர் அருணகிரி ஒருவர்தான். அவருடைய போர்டுகளில் எழுத்துப்பிழை தாராளமாக இருக்கும். ஆனால் பட்டுக்கடை வாசலில் அவர் எழுதிய மணப்பெண்ணைப் பார்த்தபிறகு யாரும் எழுத்தைப் படிப்பதில்லை.

அப்பா கோயில்களுக்குச் சுதைச் சிற்பம் செய்து வண்ணம் தீட்டியவர். சாமிக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும், திறக்கும்போது எதிரே கண்ணாடி காட்ட வேண்டும், முதல் பார்வை ஆள்மேல் விழக்கூடாது என்பது அவர் சொல்லிவிட்டுப் போனது. இதிலெல்லாம் தனக்கு நம்பிக்கையில்லை என்று டீக்கடையில் அருணகிரி சொல்லுவார். ஆனால் கண்ணாடி இல்லாமல் அவர் ஒரு சாமிக்கும் கண் திறந்ததில்லை.

1978 மழைக்குப் பிறகு, ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியர் பெரியநாயகம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கொடுத்த எண்ணெய்வண்ண ஓவியம், கூடத்துச் சுவரில் பூஞ்சை பிடித்திருந்தது. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துக் கிராமம். பெரிய மரங்கள், வைக்கோற்போர், குட்டையில் தண்ணீர் குடிக்கும் மாடுகள், சேற்றுப்பாதையில் பால்வாளியோடு நம்மைப் பார்த்து நடந்துவரும் ஒரு பெண். மூலையில் ‘ஜே. விண்டர்பர்ன், 1871’.

“யாருங்க சார் இந்த ஆளு?”

“கிராமத்து ஆளுதான்பா. சாகிற வரைக்கும் அந்த ஒரு ஊரையே வரைஞ்சிகினு இருந்தாராம். வாங்க ஆளில்ல.”

“மாட்டுக்குக் கண்ணு வெச்சிகிறாரு. பொம்பளைக்கு வெக்கலியே?”

“தூரத்துல வர்றவளுக்குக் கண்ணு எங்கப்பா தெரியும்?”

மாடு அவளைவிடத் தூரத்தில் நின்றது. அருணகிரி படத்துக்குக் கிட்டே போனார். நகத்தளவு முகத்தில் கண்ணிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல். நூறு வருஷமாக ஒருத்தி குருடியாகப் பால் சுமந்து வருகிறாள் என்பது அவருக்குத் தாங்கவில்லை. பூஞ்சையைத் துடைத்து முடித்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் ஆராதனைக்குப் போயிருந்த நேரம், மெல்லிய தூரிகையால் இரண்டு புள்ளி வைத்தார். கண்ணாடி ஞாபகம் வந்தது. வெள்ளைக்காரி, அதுவும் வேதக்காரர் வீடு, நம் விதி இவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். கண்ணைத் திறக்கிறவரை விதியை நம்பியவர், கண்ணாடி பிடிக்கிற இடத்தில் மட்டும் பகுத்தறிவுவாதி ஆகிவிட்டார்.

அவள் பார்த்தாள். அருணகிரி கதவருகே போனார். அங்கேயும் பார்த்தாள். கருமணியை நடுவில் வைத்தால் எந்தப் பக்கம் நின்றாலும் படம் பார்க்கும். அந்த வித்தையைச் சுவரில் எழுதிய எத்தனையோ தலைவர்களுக்கு அவரே செய்திருக்கிறார். தெரிந்திருந்தது ஒன்றுக்கும் உதவவில்லை.

அடுத்த வாரம் சுப்பராயலு பட்டுக்கடை மணப்பெண்ணுக்குக் கண் வைத்தார். நெற்றிச்சுட்டிக்குக் கீழே அந்தப் பால்காரி பார்த்தாள்.

“இன்னா அருணகிரி, கஸ்டமரைப் பாக்கச் சொன்னா, மாமியாரைப் பாக்கற மாதிரி மொறைக்குது?” என்றார் சுப்பராயலு.

அழித்து எழுதினார். மறுபடி அவளேதான். சோடாக்கடைக் குழந்தை, லாரியின் பின்பக்கத்து லட்சுமி, எல்லோருக்கும் அதே பார்வை. முகம் போனால் பிழைப்பே போச்சு. எழுத்தை நம்பி யார் அவரைக் கூப்பிடப் போகிறார்கள்?

கடைசியில் ஒரு கண்ணாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பெரியநாயகம் வீட்டுக்குப் போனார். சாருடைய மனைவி சகாயம்மாள் மட்டும் இருந்தார்.

“கண்ண அழிச்சிடட்டுங்களாம்மா?”

“ஐயே, வேணாம்ப்பா! இப்பத்தான் ஊட்ல பேச்சுத்துணைக்கு ஒரு ஆளு கீற மாதிரி கீது.”

“அப்ப இத்த மட்டும் ஒருவாட்டி காட்டிடறேன்.”

படத்துக்கு எதிரே கண்ணாடியை உயர்த்திப் பிடித்து அதன் பின்னால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“கண்ணாடியப் பாக்குதாம்மா?”

சகாயம்மாள் பக்கத்தில் வந்து நின்று கவனித்தார். விளையாட்டுக்குச் சொன்னாரா, கண்டதைச் சொன்னாரா என்று அருணகிரிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

“இல்லப்பா. அது இன்னும் உன்னியத்தான் பாத்துகினு கீது.”

அடுத்து வந்த தீபாவளிக்குச் சுப்பராயலு கடையின் புதுப் போர்டில் மணப்பெண் முதுகைக் காட்டி நின்றாள். முந்தானை முழுசாகத் தெரிந்தது. சுப்பராயலுவுக்கு ஒரே சந்தோஷம். விற்பது முகமில்லையே, முந்தானைதானே. மற்ற கடைக்காரர்களும் அதையே கேட்டார்கள். எண்பத்து நாலு வாக்கில் கடைத்தெரு நெடுக மணப்பெண்கள் வாடிக்கையாளருக்கு முதுகு காட்டி நின்றார்கள். அருணகிரியின் தொழில் முன்னைவிட நன்றாகவே நடந்தது.

ஒவ்வொரு போர்டிலும் பின்னலின் கடைசிக் கோட்டை இழுத்ததும், தூரிகையைக்கூடக் கழுவாமல் ஏணியிலிருந்து ஜல்தியாக இறங்கிவிடுவார், அவள் திரும்புவதற்குள்.