செவலையின் வலப்பக்கம்

கோவில்பட்டி கோர்ட்டில் என் தங்கை செண்பகவல்லியை 'மாட்டு வக்கீல்' என்பார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். இப்போது பசுவந்தனை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவள் ஆபீஸுக்கு வழி கேட்கிறார்கள். அவளும் அதை மாற்றச் சொன்னதில்லை.

நான் அவளுக்கு மூத்தவன். எட்டாம் வகுப்போடு ஏர் பிடிக்க வந்துவிட்டேன். அவள் மதுரையில் சட்டம் படித்து, எழுபத்தெட்டில் கறுப்புக் கோட்டுப் போட்டாள். எங்கள் சுற்று வட்டாரத்தில் அதற்கு முன் கோட்டுப் போட்ட பெண் கிடையாது. இதை நான் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தார் சம்பளம் இல்லாமல் ஆஜராக ஒரு வக்கீலைத் தேடினார்கள். மற்ற வக்கீல்கள் எல்லாரும் அவளைக் கை காட்டினார்கள். "புது வக்கீலம்மா சும்மாதான் இருக்காவ" என்றார்களாம்.

அந்த வழக்குகளெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கழுத்துப் புண்ணோடு வண்டி இழுத்த மாட்டைப் போலீஸ் பிடிக்கும். வண்டிக்காரன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவான். மறுநாள் அதே புண்ணின் மேல் அதே நுகத்தடி ஏறும்.

"அண்ணே, தண்டனை மாட்டுக்குத்தான் விழுது" என்றாள் ஒருநாள். "புண் ஆறுற வரைக்கும் மாட்டை வச்சுப் பாக்கச் சொல்லி உத்தரவு போடச் சட்டத்துல வழி இருக்கு. வச்சுப் பாக்கத்தான் ஊர்ல இடமில்ல. நம்ம தொழு இருக்குல்லா?"

என் மனைவி ரெங்கம்மாள் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். "கோர்ட்டு மாட்டுக்குச் சாணி அள்ளத்தான் எங்க அப்பா என்னைய இங்கன கட்டிக் குடுத்தாவளா?"

"மதினி, நீங்க அள்ள வேண்டாம். அண்ணன் அள்ளுவாவ."

"ஆமா, அள்ளிட்டாலும்!" என்றாள் ரெங்கம்மாள். ஆனால் தண்ணீர் காட்ட இன்னொரு குளுதாடி வேண்டும் என்று அந்த வாரமே என்னைச் சந்தைக்கு அனுப்பியதும் அவள்தான்.

அப்படி வந்து ஆறிப்போன மாடுகள் பல. ஆறாமல் போன ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எண்பத்தோராம் வருஷம் சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. கரிசலில் மழை விழுந்தால் வண்டிப்பாதை களியாகிவிடும். சக்கரம் பாதி வரை இறங்கிவிடும். பசுவந்தனைக்குக் கிழக்கேயிருந்து சங்கிலிப்பாண்டி என்ற வண்டிக்காரன், கிருஷ்ணராஜ் என்ற மண்டி முதலாளியின் பருத்தியை ஏற்றி வந்தான். இரண்டு நடையாகக் கொண்டுபோகிறேன் என்று அவன் கேட்டிருக்கிறான். "நனைஞ்சு போகும்லே, ஒரே நடையில அடி" என்று முதலாளி அத்தனை பொதியையும் ஏற்ற வைத்துவிட்டார். ஓடையைத் தாண்டும்போது செவலைக் காளை படுத்துவிட்டது. அடித்தும் எழும்பவில்லை, வாலை முறுக்கியும் எழும்பவில்லை. படுத்த மாட்டை எழுப்ப வயிற்றுக்கடியில் சோளத்தட்டையைக் கொளுத்துவது எங்கள் பக்கத்தில் உள்ள கெட்ட வழக்கம். அதையும் செய்தார்கள்.

தீ வைத்தது சங்கிலிப்பாண்டி என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. தீக்குச்சி கிழித்தது கூட வந்த மண்டி ஆள். சங்கிலிப்பாண்டி தடுக்கவில்லை. அதை அவனே கோர்ட்டில் சொன்னான்.

வயிறு வெந்த செவலை, கோர்ட் உத்தரவோடு எங்கள் தொழுவுக்கு வந்தது. பாரம் ஏற்றச் சொன்னவரும் குற்றவாளிதான் என்று செண்பகவல்லி மனுப்போட்டு கிருஷ்ணராஜையும் வழக்கில் சேர்க்க வைத்தாள். அதற்குப் பிறகு மண்டிக்காரர்கள் வழக்கு ஒன்றுகூட அவளிடம் வரவில்லை. அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. அவளை உறுத்தியது வேறு.

வண்டி மாடுகளை இளவயதிலேயே பக்கம் பிரித்துப் பழக்குவோம். ஒன்று இடத்து மாடு, மற்றது வலத்து மாடு. பழகிய பக்கம் மாறினால் இழுக்காது. நாள்பட்ட ஜோடியில் ஒன்றைப் பிரித்தால் மற்றது தீவனத்தில் வாய் வைக்காமல் நிற்பதும் உண்டு. செவலை இடத்து மாடு. அதன் ஜோடி மயிலை. எங்கள் தொழுவில் வளர்ந்த செண்பகவல்லிக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் காயம்பட்ட பிராணியை மட்டுமே சட்டப்படி கேட்க முடியும் என்று செவலை ஒன்றைத்தான் மனுவில் கேட்டிருந்தாள். வழக்குக்கு உரிய சொத்து என்பதால், வண்டியையும் மயிலையையும் கோர்ட் உத்தரவில்லாமல் ஊர் எல்லை தாண்டவிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு சங்கிலிப்பாண்டியிடம் விட்டிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் அவன் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தான். நேரே தொழுவுக்குள் போய்ச் செவலையின் முதுகைத் தடவினான். பிறகுதான் என் தங்கையைப் பார்த்தான்.

"வக்கீலம்மா, இத நல்லாத்தான் பாக்குதீய. அங்கன மயிலை வாயக் கட்டிப்போட்ட மாதிரி நிக்குது. பருத்திக்கொட்டை அரைச்சு வச்சேன், மோந்துகூடப் பாக்கல. தெரு வழியா வண்டி போனா மட்டும் தலையத் தூக்குது. ஒண்ண நான் கெடுத்தேன். ரெண்டாவத நீங்க கெடுக்காதீய."

அவள் அன்றே கோர்ட்டுக்குப் போய், மயிலையையும் செவலையோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று இரண்டாவது மனுவைப் போட்டாள். கிருஷ்ணராஜின் வக்கீல் ஆட்சேபம் எழுத அவகாசம் கேட்டு வாய்தா வாங்கினார். மறு வாய்தாவும் வாங்கினார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிறகு அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "மயிலை தின்னுதாமா அண்ணே?" நான் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லை, தண்ணீர் மட்டும்தான் என்பேன்.

மூன்றாவது வாய்தாவுக்கு முந்தின நாள், இரண்டு மாடுகளையும் கோர்ட்டில் காட்ட உத்தரவு வாங்கியிருந்தாள். என்னைக் கூப்பிட்டு, "செவலைய நீங்க நடத்திக் கொண்டாங்க. மயிலைக்கு இடப்பக்கம் கொண்டுபோயிராதீங்க, வலப்பக்கமாவே விடுங்க" என்றாள்.

"அது பக்கம் மாறி நிக்காதேட்டி."

"நிக்க வேண்டாம் அண்ணே."

கோர்ட்டில் எதிர்வக்கீல் எழுந்தார். "காயமே படாத மாட்டுக்கு வைத்தியமாம். இன்னைக்கு ஜோடி மாட்டைக் கேக்காவ. நாளைக்கு அதுக்குச் சம்மந்தி மாட்டையும் கேப்பாவ!" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, காயம்படாத பிராணிக்குச் சட்டத்தில் எங்கே இடமிருக்கிறது என்று கேட்டார்.

"கனம் கோர்ட்டார் வராண்டா வரைக்கும் வந்தால் போதும்" என்றாள் செண்பகவல்லி.

அவர் வந்தார். வேப்பமரத்தடியில் மயிலை நின்றது. விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். நான் செவலையை அதன் வலப்பக்கமாகக் கொண்டுபோய்க் கயிற்றை விட்டேன். செவலை மயிலையின் கழுத்தை ஒருமுறை நக்கியது. பிறகு யாரும் ஓட்டாமலே, மயிலையின் பின்பக்கமாகச் சுற்றி நடந்து இடப்பக்கம் வந்து நின்றது. நின்று, நுகத்தடிக்குக் குனிகிற மாதிரி தலையைத் தாழ்த்திக்கொண்டது. அங்கே நுகத்தடி இல்லை. மயிலையும் தலையைத் தாழ்த்தியது. சங்கிலிப்பாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து மயிலை, காலடியில் கிடந்த சோளத்தட்டையை ஒரு வாய் கடித்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "காயம் இதற்கும்தான் பட்டிருக்கிறது ஐயா, வெளியே தெரியவில்லை" என்று மட்டும் அவள் சொன்னாள். மாஜிஸ்திரேட் உள்ளே போய் உத்தரவு எழுதினார்.

இரண்டும் எங்கள் தொழுவில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மயிலை தின்றது, ஆனால் தின்றது உடம்பில் ஒட்டவில்லை. வந்து பார்த்த மாட்டு டாக்டர் குடல் ஒடுங்கிவிட்டது என்றார். ஆனி பிறந்து சில நாளில் அது செத்துப்போனது. கோர்ட்டுக்குப் புறப்பட்ட செண்பகவல்லி கோட்டோடு தொழுவுக்குள் வந்து, சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முதல் மனுவிலயே ரெண்டையும் கேட்டிருக்கணும் அண்ணே. மாட்டேன்னு கோர்ட்டு சொல்லியிருந்தா அது வேற. நான் கேக்கவே இல்லையே."

ரெங்கம்மாள்தான் வந்து அவளைக் கைபிடித்துத் தூக்கிவிட்டு, கோட்டில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "போ தாயி. இன்னைக்கும் எவன் மாடாவது அங்கன நிக்கும்" என்றாள். அவள் போனாள்.

வழக்கு முடிந்து கிருஷ்ணராஜுக்கும் மண்டி ஆளுக்கும் தண்டனை கிடைத்தது. சங்கிலிப்பாண்டியை எச்சரித்து விட்டுவிட்டார்கள். செவலைக்கு அதற்குள் வயிறு ஆறி ரோமம் முளைத்திருந்தது. கூட்டிப்போக வந்த சங்கிலிப்பாண்டி அதன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். ஜோடியில்லாத இடத்து மாட்டை வாங்க வருகிறவன் அடிமாட்டு வியாபாரிதான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இங்கனயே கிடக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது வேறொருவருடைய வண்டியை ஓட்டுகிறான். கழுத்துப் புண் மாட்டை எங்கே பார்த்தாலும் முதலில் தகவல் சொல்கிறவன் அவன்தான்.

அதற்குப் பிறகு என் தங்கை லாரியில் திணித்த ஆடுகளுக்கும், சூடு போட்ட கன்றுகளுக்கும், உப்பு மூடை சுமந்த கழுதைகளுக்கும் ஆஜராகிவிட்டாள். விளாத்திகுளம் வரை அவளைத் தேடி வருகிறார்கள். எந்த வண்டி மாட்டு வழக்கானாலும் முதல் மனுவிலேயே ஜோடியாகத்தான் கேட்கிறாள். சில மாஜிஸ்திரேட்டுகள் தருகிறார்கள், சிலர் தள்ளுகிறார்கள். தள்ளினால் மறுபடியும் கேட்கிறாள்.

நானும் தொழுவில் மாடு கட்டும் முளைகளை இரண்டிரண்டாக, ஒரு நுகத்தடி நீளம் விட்டு அடித்து வைத்திருக்கிறேன். செவலை இன்னும் இருக்கிறது. அதன் முளையில் நட்டநடுவே படுக்க இடம் உண்டு. அது அப்படிப் படுப்பதில்லை. இடதுபக்கச் சுவரை ஒட்டியே படுக்கும். வலப்பக்கம் ஒரு மாட்டுக்கு இடம் கிடக்கும். மாடுகள் நிறைய வருகிற மாதத்தில்கூட ரெங்கம்மாள் அங்கே வேறு மாட்டைக் கட்ட விடுவதில்லை.